டிராக்டருக்கு டிரெய்லர் வாங்கும் முன்: நெல்லைச் சீமை விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

டிராக்டர் வாங்கும்போது பாதி வேலையை ஷோரூம்காரர்களே முடித்துக் கொடுத்துவிடுவார்கள். லோன், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே மேசையில் நடந்துவிடும். டிரெய்லர் அப்படியில்லை. பெரும்பாலும் அதைப் பக்கத்து ஊர்ப் பட்டறையில்தான் அடிக்கக் கொடுக்கிறோம். எத்தனை டன், எத்தனை சக்கரம், என்ன தகடு என்று எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். பேப்பருக்கும் நாம்தான் அலைய வேண்டும். நான் எடுத்தபோது, வண்டி வீட்டுக்கு வந்தும் பதிவு நம்பர் கிடைக்காமல் பிசான நெல் அறுவடை முடியும்வரை களத்து ஓரத்தில் சும்மா நின்றது. நெல் மூட்டைகளை வாடகை வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது.

35 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருந்து, நெல், வாழை, உரம், மண் கிளறும் ரோட்டவேட்டர், கலப்பை என்று ஏற்றி இறக்கப் போகிறவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் பாதையை அளந்து பாருங்கள்

பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வயலுக்குப் போகும் வழியில் நடந்து வாருங்கள். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் பாசனத்தில் வயல் இருக்கிறவர்களுக்கு வழி என்பது பெரும்பாலும் வாய்க்கால் கரைதான். கரையின் அகலம், வழியிலிருக்கும் சின்னப் பாலங்களின் அகலம், கடைசியில் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 6 அடி அகலப் பெட்டி என்றால் அதற்கு வெளியே சக்கரமும் மட்கார்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியின் அகலத்தை மட்டும் வைத்துப் பாலத்தைக் கணக்குப் பண்ணினால் சக்கரம் கைப்பிடிச் சுவரில் உரசும்.

மானூர், ராதாபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே தூரம்தான் கணக்கு.

2. எடைக் கணக்கு: பெட்டி ஒன்று, பாரம் வேறு வேறு

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டி நம் பக்கத்தில் சாதாரணமாக அடிப்பது. அதன் கொள்ளளவு 120 கன அடி. அதில் நெல்லைத் தலைதட்டிப் போட்டால் ஏறத்தாழ 2 டன் வரும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டைக் கணக்கில் 50 மூட்டை. அதே பெட்டியில் மணலையோ ஈர மண்ணையோ தலைதட்டிப் போட்டால் 5 டன்னைத் தாண்டிவிடும். பெட்டி நிறைந்தால் பாரம் சரி என்று நினைத்து 3 டன் தாங்கும் ஆக்ஸிலில் மண் ஏற்றுகிறவர்களின் வண்டிதான் சீக்கிரம் பட்டறைக்குத் திரும்பி வருகிறது.

அதனால் உங்கள் வருஷத்து வேலையில் மிகக் கனமான லோடு எதுவோ, அதை வைத்து ஆக்ஸிலைத் தீர்மானியுங்கள். குளத்து வண்டல் அடிக்கப் போகிறீர்கள் என்றால் 5 டன் ஆக்ஸில் போடுங்கள், அப்போதும் பெட்டியைத் தலைதட்ட நிரப்பாதீர்கள். நெல்லும் வாழைத்தாரும் உரமும் மட்டும்தான் என்றால் 3 டன் தாராளம். பெட்டிக்கு மேலே மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு அடி உயரத்துக்குக் கூடுதல் பலகை செய்துகொண்டால் போதும்.

வண்டல் என்றதும் இன்னொன்று. தாலுகா அலுவலகத்தில் முறையாக அனுமதி வாங்கி, அந்தச் சீட்டு வண்டியில் இருக்கும்போது மட்டும் குளத்தில் இறங்குங்கள். சீட்டில்லாமல் மண்ணோ மணலோ ஏற்றிப் பிடிபட்டால் டிரெய்லரோடு டிராக்டரும் ஸ்டேஷனுக்குப் போய்விடும். அதை மீட்க கோர்ட் வரை நடக்க வேண்டும். மானூர் குளமானாலும் உங்கள் ஊர்க் குட்டைக் குளமானாலும் விதி ஒன்றுதான்.

3. இரண்டு சக்கரமா, நாலு சக்கரமா?

ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறவர்களுக்கு என் பதில்: இரண்டு சக்கரம். வாய்க்கால் கரையில் ரிவர்ஸ் எடுக்க அதுதான் தோது. நாலு சக்கர டிரெய்லரில் முன் ஆக்ஸில் தனியாகத் திரும்புவதால், பின்னால் எடுக்கும்போது நன்றாகப் பழகிய டிரைவரும் திணறுவார். இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு சக்கரத்தில் பாரத்தின் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின் சக்கரத்தில் இறங்குகிறது. சேற்றிலும் ஈரக் கரையிலும் டிராக்டர் வழுக்காமல் இழுக்க அந்த எடை உதவும்.

ஆனால் அந்த எடை அளவோடு இருக்க வேண்டும். ஆக்ஸில் ரொம்பப் பின்னால் போனால் கொக்கியில் பாரம் ஏறி, மேட்டில் ஏறும்போது டிராக்டரின் மூக்கு தூக்கும். ரொம்ப முன்னால் வந்தால், பின்பக்கம் பாரம் வைத்ததும் கொக்கி மேலே தூக்கி, பின் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றும். பெட்டியின் நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி ஆக்ஸில் இருக்கிறதா என்று வெல்டிங் வைப்பதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். வைத்த பிறகு மாற்றச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வைக்கோல் கட்டு, செங்கல் என்று நல்ல ரோட்டில் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் நாலு சக்கரம் எடுக்கலாம்.

4. டிப்பர் வேண்டுமா?

குப்பை, வண்டல், ஜல்லி என்று கொட்டுகிற வேலை இருந்தால் டிப்பர்தான். இரண்டு ஆள் கூலியும் நேரமும் மிச்சம். மூட்டையும் வாழைத்தாரும் மட்டும் என்றால் சாதாப் பெட்டியே போதும். பெட்டியைத் தூக்கும் ஜாக்கி, அதற்கு எண்ணெய் போகும் ஹோஸ் என்ற பராமரிப்பு இல்லை.

டிப்பர் எடுத்தால் ஜாக்கியின் ஹோஸ் உங்கள் டிராக்டரின் ஹைட்ராலிக் அவுட்லெட்டில் பொருந்துமா, பெட்டி முழுதாகத் தூக்க எத்தனை லிட்டர் எண்ணெய் இழுக்கும் என்று கேளுங்கள். டிராக்டரின் எண்ணெய் அளவு அதற்குத் தாங்க வேண்டும். தூக்கிய பெட்டிக்கு முட்டுக்கொடுக்க இரும்புத் தாங்கு கட்டை கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். அந்த முட்டு இல்லாமல், தூக்கிய பெட்டிக்கு அடியில் கிரீஸ் வைக்கக்கூட ஒருவரையும் நுழைய விடாதீர்கள். ஹோஸ் வெடித்தால் பெட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும்.

5. பட்டறையில் கவனிக்க வேண்டியவை

தரைத் தகடு 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கத் தகடு கொஞ்சம் மெலிதாக இருக்கலாம். அடிச்சட்டத்துக்குப் போடும் இரும்புச் சேனல் 100 மில்லிமீட்டரா 75-ஆ என்று நீங்களே அளந்து பாருங்கள். பெயின்ட் அடித்த பிறகு எல்லா டிரெய்லரும் ஒரே மாதிரி பளபளக்கும், அதனால் பிரைமர் அடிக்கும் முன் ஒருநாள் போய் வெல்டிங்கைப் பாருங்கள். குறுக்குச் சேனல்கள் நெடுக ஒட்டியிருக்கிறதா, அங்கங்கே பொட்டு வைத்து விட்டிருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

டயர் புதியதா, ரீட்ரெட் செய்ததா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் ஒளிந்திருப்பது அங்கேதான். ஆக்ஸிலும் ஹப்பும் பழைய லாரியிலிருந்து எடுத்ததா என்றும் கேளுங்கள். பழையதைப் போடுவது பாவம் ஒன்றுமில்லை, ஆனால் புதியதன் விலையை வாங்கக் கூடாது.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து டிரெய்லர்களில் பாதிக்குப் பிரேக்கே கிடையாது. வயலுக்கும் களத்துக்கும் சமதரையில் ஓட்டுகிறவரை தெரியாது. குளத்தங்கரை ஏறி இறங்கும்போதுதான் தெரியும். லோடு பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். டிராக்டர் பிரேக் போட்டாலும் டிரெய்லர் நிற்காமல் பக்கவாட்டில் மடங்கி வரும். கூடுதலாக என்ன ஆனாலும் பிரேக் வைக்கச் சொல்லுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லரில் டிராக்டரின் எடையைவிட அதிகப் பாரத்தோடு சரிவில் இறங்கக் கூடாது என்பது என் கணக்கு. 45 குதிரைத்திறன் வண்டியின் எடை 2 டன்னை ஒட்டித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சரிவுக்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும், நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் இணைக்கும் லாக்கை ரோட்டில் ஏறியதும் போட்டுவிடுங்கள். சேற்றில் உழும் தொளி உழவுக்காகப் பிரித்து வைத்ததை அப்படியே மறந்து ரோட்டுக்கு வந்தால் ஒருபக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி புரண்டுவிடும்.

6. ரோட்டவேட்டரும் கேஜ் வீலும் ஏற்றுகிறவர்களுக்கு

டிராக்டரின் பின்னால் டிரெய்லர் மாட்டிவிட்டால் ரோட்டவேட்டரை மாட்ட இடமில்லை. அடுத்த ஊர் வேலைக்குப் போகிறவர்கள் அதை டிரெய்லரில்தான் ஏற்ற வேண்டும். சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலும் அப்படித்தான். அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓட்டினால் ரோடும் கெடும், அபராதமும் வரும்.

6 அடி ரோட்டவேட்டர் 400 கிலோவுக்கு மேல் இருக்கும். பெட்டித் தரை 3 அடி உயரத்தில் இருக்கும். டிராக்டரின் லிஃப்ட் அந்த உயரத்துக்கு எட்டாது. அதனால் டிரெய்லரைப் பள்ளத்தில் நிறுத்தி, டிராக்டர் மேட்டிலிருந்து ரிவர்ஸில் வந்து இறக்குவது வழக்கம். வாய்க்கால் கரை ஓரம் இதற்குத் தோதானது. இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றி முன் ஸ்டாண்டில் நிறுத்தியிருப்போம். ரோட்டவேட்டர் பின் விளிம்பில் உட்கார்ந்த உடனே முன்பக்கம் ஏற்றத்துக் கோல்போலத் துள்ளி எழும். முன்னால் நிற்கிற ஆளின் தாடையில் இழுப்புக் கம்பி அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுவதற்கு முன் பின்பக்கச் சேனலுக்கு அடியில் இரண்டு பக்கமும் கனத்த மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள். சக்கரத்துக்கும் கல் வையுங்கள்.

களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழைக்குள் ஓட்டுவதற்காகச் சின்ன டிராக்டரையே ஏற்றிப் போகிறவர்கள் உண்டு. அது 800 கிலோ அளவில் இருக்கும். இந்த வேலைக்குப் பின் கதவு முழுதாகக் கழலும்படியும், 8 அடிக்குக் குறையாத இரண்டு சாய்வுச் சட்டங்கள் பெட்டி விளிம்பில் கொக்கிபோட்டு மாட்டும்படியும் செய்யச் சொல்லுங்கள். வெறுமனே சாத்திவைத்த பலகை வழுக்கிவிடும். இந்த வேலைக்கு டிரெய்லரைப் பெரிய டிராக்டரிலிருந்து கழற்றவே கழற்றாதீர்கள். சின்ன டிராக்டரை ரிவர்ஸில் ஏற்றி, நேராக ஓட்டி இறக்குங்கள். நேராக ஏற்றினால் சரிவில் முன் சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழ வாய்ப்புண்டு. ஏற்றியதும் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னாலுள்ள கருவியைத் தரையில் இறக்கி, நாலு மூலையிலும் சங்கிலி போடுங்கள். கயிறு போதாது. சங்கிலி மாட்ட வளையங்களைச் சேனலில் வைத்து வெல்டிங் செய்யச் சொல்ல வேண்டும், தகட்டில் அல்ல.

7. விலையும் பில்லும்

அளவையும் டிப்பர் வசதியையும் பொறுத்து ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை பேசுவார்கள். விலையில் பெரும்பங்கு இரும்புதான். அதனால் கொட்டேஷனில் வெற்று வண்டியின் எடையை எழுதி வாங்குங்கள். டெலிவரி அன்று எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற இந்தச் சோதனையைப் போல் உபயோகமானது வேறில்லை. சொன்ன எடைக்குக் கணிசமாகக் குறைந்தால் எங்கேயோ தகடு மெலிந்திருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல், தானே கொட்டும் வசதியுள்ள விவசாய டிரெய்லருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பொருளின் வகையைக் காட்டும் எச்.எஸ்.என். எண் 87162000 என்று இருக்க வேண்டும். பழைய விகிதத்தில் கொட்டேஷன் கொடுத்தால் தயங்காமல் கேளுங்கள். பில்லே இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பில் இல்லாமல் பதிவு இல்லை.

மானியம் எதிர்பார்க்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு, உழவன் செயலியில் விண்ணப்பித்துவிட வேண்டும். அனுமதிக்கு முன் வாங்கிய பொருளுக்கு மானியம் கோர முடியாது. 5 ஏக்கருக்கு உட்பட்டவர்கள் சிறு, குறு விவசாயி சான்றிதழை இ-சேவை மையத்தில் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. பேப்பர் வேலை

டிராக்டருக்கு நம்பர் இருக்கிறதே, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டிரெய்லர் சட்டப்படி தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி ஆர்.சி. (பதிவுச் சான்று). “அண்ணாச்சி, நம்பரெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம், வண்டியக் கொண்டு போங்க” என்று பட்டறையில் சொல்வார்கள். கொண்டு போய்விட்டால் பிறகு அந்தப் பேப்பருக்காக நாம்தான் அவர்கள் பின்னால் நடக்க வேண்டும். முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள். கீழே உள்ள பேப்பர்கள் கைக்கு வரும்வரை ஒரு பங்கை நிறுத்திவையுங்கள்:

ஃபாரம் 20, அதாவது பதிவு விண்ணப்பம், நாம் நிரப்புவது. ஃபாரம் 21, விற்பனைச் சான்று. ஃபாரம் 22, வண்டி ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தருவது. இவற்றோடு ஜி.எஸ்.டி. பில், இன்சூரன்ஸ், ஆதார், பான் கார்டு, டிராக்டரின் ஆர்.சி., லோன் இருந்தால் அதை ஆர்.சி.யில் பதிய ஃபாரம் 34. விவசாய உபயோகத்துக்கு என்று பதிவதால் சிட்டா, அடங்கல் நகலும் கையில் இருக்கட்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “உங்கள் பட்டறை டிரெய்லர் கடைசியாக எப்போது நம்பர் வாங்கியது? அந்த ஆர்.சி. நகலைக் காட்டுங்கள்.” காட்ட முடிந்தால் அந்தப் பட்டறையின் பேப்பர் ஓடுகிறது என்று அர்த்தம். காட்டாவிட்டால் வேறு பட்டறை பாருங்கள்.

என் வண்டி நின்றதற்குக் காரணம் சேஸிஸ் எண். டிரெய்லரின் அடிச்சட்டத்தில் அடித்திருந்த எண்ணில் கடைசிக்கு முந்தையது 8. பட்டறையில் தந்த பில்லிலும் ஃபாரம் 21-இலும் 3. பிரேக் இன்ஸ்பெக்டர் பென்சில் தேய்த்து எடுத்த தாளைப் பில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பில்லை மாற்றி, அதற்கேற்ப இன்சூரன்ஸை மாற்றி, மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. டெலிவரி எடுக்கும்போதே ஒரு வெள்ளைத் தாளை எண் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். பில், ஃபாரம் 21, ஃபாரம் 22, இன்சூரன்ஸ் நான்கையும் அந்தத் தாளோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் உள்ளபடியே எல்லாவற்றிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்பது உங்கள் விலாசத்தைப் பொறுத்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், பழைய டிராக்டர் ஆர்.சி.யில் திருநெல்வேலி மாவட்டம் என்றும் ஆதாரில் தென்காசி மாவட்டம் என்றும் இருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணங்களை அரசின் பரிவாகன் இணையதளத்தில் கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில்லாத எந்தப் பணத்தையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

விவசாயம் என்று பதிந்த டிரெய்லரில் வாடகைக்கு ஜல்லி, செங்கல் அடிப்பது வேறு கதை. அது வணிக உபயோகம். தொழிலாகவே செய்வதானால் அப்படியே பதிந்து எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுத்து ஓட்டுங்கள்.

நம்பர் வந்த பிறகு டிரெய்லரின் எண்ணை அதன் பக்கவாட்டில் எழுத வேண்டும். டிரெய்லரின் பின்பக்கம் இழுத்துப் போகும் டிராக்டரின் எண் இருக்க வேண்டும். பெயின்டர்கள் இதை மாற்றி எழுதிவிடுவார்கள், பக்கத்தில் நில்லுங்கள். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் ஒட்டி, பின் விளக்குக்கு ஒயர் இழுத்துவிடுங்கள். இருட்டில் விளக்கில்லாத டிரெய்லரில் பைக்கில் வருகிறவர்கள் மோதி இறப்பது நம் ரோடுகளில் புதிதல்ல.

பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000. அளவுக்கு மேல் ஏற்றினால் 20,000, அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

9. இன்சூரன்ஸ்

டிராக்டர் பாலிசியில் டிரெய்லர் தானாகச் சேராது. அதன் எண்ணும் பிரீமியமும் பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல் தாளைப் படித்துப் பாருங்கள். இறக்கி ஏற்றும் கூலியாட்களையும் சேர்க்க முடியுமா என்று கேட்டு, அதற்கான தொகையைக் கட்டிவிடுங்கள்.

ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக, கல்யாண வீட்டுக்குப் போக என்று சொந்தக்காரர்கள் டிரெய்லரைக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். டிரெய்லரில் ஆள் ஏற்றி விபத்து நடந்தால் கம்பெனி கையை விரிக்கும், நஷ்டஈடு உங்கள் நிலத்தின் மேல் வரும். முகம் கோணினாலும் பரவாயில்லை.

10. எப்போது ஆர்டர் கொடுப்பது?

பிசான அறுவடை மாசி, பங்குனி. அதற்குக் கணக்காகக் கார்த்திகையிலேயே முன்பணம் கொடுத்துவிட வேண்டும். தை பிறந்துவிட்டால் பட்டறைகளில் கூட்டம் தாங்காது, சொன்ன தேதி எதுவும் நிற்காது. பட்டறைக்கு ஒரு மாதம், பதிவுக்கு ஒரு மாதம் என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கார் நெல் அறுவடைக்கு என்றால் ஆனி மாதமே கொடுத்துவிடுங்கள்.

11. பழையது வாங்குகிறவர்களுக்கு

ஆர்.சி. இல்லாத பழைய டிரெய்லரை என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஆர்.சி. இருந்தால் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, ஃபாரம் 30-இல் விற்பவரின் கையெழுத்து, லோன் முடிந்ததற்கு ஃபாரம் 35, வேறு ஆர்.டி.ஓ. எல்லையிலிருந்து வந்தால் தடையின்மைச் சான்று. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். வண்டியில் பார்க்க வேண்டியது ஆக்ஸில் வெல்டிங், கொக்கி வளையத்தின் தேய்மானம், தரைத் தகட்டின் அடிப்பக்கத் துரு. உரம் ஏற்றிக் கழுவாமல் விட்ட பெட்டி மேலே பெயின்ட் மின்ன, அடியில் சல்லடையாக இருக்கும்.

12. முதல் லோடு

முதல் சில லோடுகளுக்குப் பாதிப் பாரம் மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் சக்கர நட்டையும், ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு பிடித்திருக்கும் யு போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். புது வண்டியில் அவை கட்டாயம் தளரும். ஹப்பில் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, பட்டறையிலேயே சரிசெய்து வாங்கிவிடுங்கள். கொக்கிப் பின்னுக்குக் கீழே பூட்டுக் கம்பி போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். பின்னை எப்போதும் டிராக்டரின் கீழ் ஹிட்சில் (இழுப்புக் கொக்கியில்) தான் போட வேண்டும், மேலே டாப் லிங்க் பக்கம் மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்னால் கவிழும். கொக்கிப் பின், பூட்டுக் கம்பி இரண்டிலும் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். வயலில் தொலைவது முதலில் அதுதான்.